வாசியாது கண்டித்த நூல்

ஒரு நூலை வாசியாமலே அதனைக் கண்டித்துப் பேசும் துணிவு நமது முற்போக்கு வட்டாரங்களிலே அரிதானதொன்றன்று. அத்துணிவு என்னிடத்தும் இருந்தது. பத்தாண்டுகளுக்கு முன்னர், பல்கலைக்கழகத்தினின்றும் வெளியேறி ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில், ஆசிரியர் ஒன்றுகூடலொன்றிலே நசிவிலக்கியம் பற்றி உரையாற்ற அழைக்கப்பட்டேன். மக்களைப் புறக்கணித்துத் தனிமனிதனின் அகக்குகையிலே ஒளித்துக்கொள்ளும் எழுத்துக்குச் சான்றாக ஜேம்ஸ் ஜொய்ஸ் எழுதிய ‘யுலிஸிஸ்’ என்னும் நாவலை எடுத்துக்காட்டினேன். உரை நன்றாகவே அமைந்தது, கைதட்டலும் கிடைத்தது. கூட்டம் கலைந்த பின்னர், தொழிற்சங்க வேலையிலே தலைநரைத்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியரொருவர் என்னருகே வந்து, “தம்பி, அந்தப் புத்தகத்தை எவ்வளவு தூரம் வாசிச்சனீர்?” என்று கேட்டார். “மூன்றாம் அத்தியாயம் மட்டும்” என்றேன். உண்மையிலே அவ்வத்தியாயத்தின் இரண்டாம் பக்கத்தோடு நூலை மூடிவைத்திருந்தேன். அவர் வேறொன்றுங் கூறாது சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு விடைகூறும் பொருட்டே நான் ‘யுலிஸிஸ்’ நாவலை முழுமையாக வாசிக்கத் தொடங்கினேன். முடிப்பதற்கு ஏறத்தாழ இரண்டாண்டுகள் சென்றன. எனது பழைய கண்டனத்திலே எவ்வளவு நின்றது, எவ்வளவு உதிர்ந்தது என்பதையே இங்கு சொல்ல விழைகின்றேன். நாவலின் பெருமையைப் பாடுவது என் நோக்கமன்று. அதனைப் பாடுவதற்கு வேறிடங்களிலே ஆட்கள் நிறைய உள்ளனர்.

நூலைப்பற்றிச் சில செய்திகளை முதலிற் கூறிவிடுதல் நன்று. ஜொய்ஸ் 1882இல் டப்ளின் நகரிலே பிறந்தவர். 1941இல் சூரிச் நகரிலே இறந்தவர். 1914 முதல் 1921 வரை, திரியெஸ்தே, சூரிச், பாரிஸ் ஆகிய மூன்று நகரங்களில் இருந்து இந்நாவலை எழுதினார். தொடராக வெளியிட்ட நியூயோர்க் சஞ்சிகையின் ஆசிரியைகள் இருவரும் 1921இல் ஆபாசக் குற்றத்துக்காகத் தண்டம் செலுத்தினர். இலண்டனிலோ நியூயோர்க்கிலோ பதிப்பாளர் கிடைக்காத நிலையில், சில்வியா பீச் என்னும் அமெரிக்கப் பெண்மணி பாரிஸிலே தாம் நடத்திய சிறு புத்தகக்கடையின் பெயரால் 1922 பெப்ரவரி 2ஆம் நாள் நூலை வெளியிட்டார். முதற்பதிப்பு 1000 பிரதிகள். அமெரிக்க நீதிமன்றம் தடையை நீக்கியது 1933இலேதான். கதை முழுவதும் 1904 ஜூன் 16ஆம் நாள் காலை எட்டு மணிக்குத் தொடங்கி மறுநாள் விடியுமுன் முடிந்துவிடுகின்றது. ஒரு நகரம், ஒரு நாள், பதினெட்டு அத்தியாயங்கள், எழுநூறுக்கு மேற்பட்ட பக்கங்கள்.

எனது கண்டனம் எங்கிருந்து வந்தது? 1934இல் மொஸ்கோவிலே நடைபெற்ற சோவியத் எழுத்தாளர் மாநாட்டில் கார்ல் ராடெக் இந்நாவலைப் புழு நெளியும் சாணக்குவியலுக்கு ஒப்பிட்டு, அதனை உருப்பெருக்கிக் கண்ணாடியினூடாகச் சலனப்படம் பிடித்தாற் போன்றது என்று பேசினார். அம்மாநாட்டிலேயே வீலாண்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்டே என்னும் ஜேர்மன் எழுத்தாளர் ஜொய்ஸுக்காக வாதாடினார் என்பது எனக்குப் பின்னரே தெரியவந்தது. ராடெக்கின் உவமை மட்டும் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. நானும் அதனை மேடையிலே எடுத்துவீசினேன். நியூயோர்க் நீதிமன்றம் 1921இல் அந்நூலிலே கண்டதும் அழுக்கு; மொஸ்கோ மேடை 1934இல் கண்டதும் அழுக்கு. முதலாளித்துவ நீதிபதியும் புரட்சிப் பேச்சாளரும் ஒரே முகச்சுளிப்பைக் காட்டும்போது நம்போன்றோர் சற்று நின்று யோசித்திருக்கவேண்டும். நூலின் முழுமையான ரஷ்ய மொழிபெயர்ப்பு சோவியத் வாசகருக்கு 1989இலேதான் கிடைத்தது. அதுவரை அவர்களிற் பெரும்பாலோரும் என்னைப் போலவே வாசியாது அறிந்தவர்கள்.

இனி, வாசிப்புக்கு வருவோம். முதன்முறை நான் தோற்றதற்குக் காரணம் நூல் மாத்திரமன்று, நான் பயின்ற முறையுமாகும். தமிழ் சிறப்புப் பாடமாகக் கற்றவனுக்கு மூலத்தைத் தொடுமுன் உரையைத் தேடும் பழக்கம் ஊறிவிடுகின்றது. ‘யுலிஸிஸ்’ நாவலுக்கும் உரைகள் உண்டு. ஜொய்ஸ் தாமே நண்பர்களுக்கு வரைந்து கொடுத்த அட்டவணையை வைத்து ஸ்டூவர்ட் கில்பேர்ட் 1930இல் ஒரு விளக்கநூல் எழுதினார். எந்த அத்தியாயம் ஹோமரின் ‘ஒடிஸி’ காவியத்தின் எந்தப் பகுதிக்கு நேரானது, அதற்குரிய உடலுறுப்பு எது, நிறம் எது, கலை எது என்றெல்லாம் அதிலே காணலாம். நான் அதனைத்தான் முதலில் வாசித்தேன். நச்சினார்க்கினியரை மனனஞ்செய்துவிட்டு முல்லைப்பாட்டை வாசியாமல் விட்ட மாணவனின் நிலையே எனக்கும் ஏற்பட்டது. அத்தியாயங்களுக்கு ஹோமரிலிருந்து இட்ட பெயர்கள்கூட நாவலுள் அச்சிடப்படவில்லை. அவற்றை ஆசிரியர் நூலினின்றும் நீக்கிவிட்டார். உரைகாரர் திரும்பக் கொண்டுவந்து வாசலிலே நிறுத்திவிட்டனர்.

இரண்டாம் முறை, அந்தக் கணித ஆசிரியரின் சிரிப்பை நினைத்துக்கொண்டு, உரைகளை ஒதுக்கிவிட்டு நான்காம் அத்தியாயத்திலே தொடங்கினேன். இதனை எல்லா வாசகருக்கும் சிபார்சு செய்வேன். அங்கேதான் லியோபோல்ட் புளூம் என்னும் மனிதனைச் சந்திக்கின்றோம். வயது முப்பத்தெட்டு, பத்திரிகைக்கு விளம்பரம் சேகரித்துத் தரகு பெறும் தொழில். ஹங்கேரியிலிருந்து வந்த யூதத் தந்தையின் மகன். காலையிலே பூனைக்குப் பால் வைக்கின்றான்; கடைக்குப் போய் இறைச்சி வாங்குகின்றான்; மனைவிக்குப் படுக்கையிலே தேநீர் கொண்டுபோய்க் கொடுக்கின்றான். அவளுக்கு வந்த கடிதமொன்றின் கையெழுத்தைக் கண்டதும், அன்று பிற்பகல் நாலுமணிக்கு வரவிருக்கும் மனிதன் யாரென்பதையும் எதற்காக வருகின்றான் என்பதையும் ஊகித்துவிடுகின்றான். ஒன்றுங் கேட்கவில்லை. அடுப்பிலே இறைச்சி கருகுகின்றது, ஓடுகின்றான். பதினொரு நாள் மட்டும் வாழ்ந்து இறந்த மகனின் நினைவு அவனை விட்டகலவில்லை. ஆனால் அதனைப்பற்றி ஆசிரியர் நம்மிடம் நேரே எதுவும் சொல்வதுமில்லை. அவன் மனத்திலே அது தட்டுப்படும்போது மட்டும் நமக்கும் தட்டுப்படுகின்றது. நனவோடை உத்தி என்று நாம் விரிவுரைகளிலே எழுதிக்கொண்டது இதைத்தான். தெருவிலே நடக்கும் ஒருவன் தனக்குள் பேசும் பேச்சு, எழுவாயின்றி, பயனிலை முற்றுப்பெறாமல், கண்ணிற்பட்ட பெயர்ப்பலகையோடும் மூக்கிற்பட்ட மணத்தோடும் கலந்து ஓடுகின்றது. தமிழிலே எழுவாய் தொக்கு நிற்பது இயல்பாகையால் இந்நடை நமக்கு ஆங்கிலேய வாசகனுக்கு இருப்பதைவிடச் சற்று இணக்கமானதென்றே எனக்குத் தோன்றுகின்றது. அவ்வாறே இறுதி அத்தியாயத்திலே, நிறுத்தக்குறி அநேகமாக இல்லாமல் மொலி புளூமின் மனம் எட்டே எட்டு நெடிய வாக்கியங்களிலே விரிவதைக் கண்டு பலர் மிரளுகின்றனர். ஏட்டுச்சுவடியிலே புள்ளியும் பிரிப்பும் இன்றி ஓடும் வரிகளை ஒருமுறையாவது வாய்விட்டுப் படித்துப் பிரித்தவனுக்கு அதிலே அச்சமில்லை. வாய்விட்டுப் படிக்கவேண்டும், அவ்வளவுதான்.

புளூமைப் பின்தொடர்ந்து சென்று, பின்னர் முதலத்தியாயங்களுக்குத் திரும்பினேன். முன்பு எனக்குத் தத்துவப் புதிராகத் தெரிந்த பக்கங்களிலே ஓர் அடிமை நாட்டைக் கண்டேன். கடலோரக் கோபுரமொன்றிலே வாடகைக்கு வசிக்கும் இளைஞர்களுக்குப் பால் கொண்டுவருகின்றாள் ஒரு கிழவி. அங்கே விருந்தாளியாக வந்திருக்கும் ஆங்கிலேயன் ஐரிஷ் மொழி ஆராய்ச்சியிலே ஈடுபாடுடையவன். அம்மொழியிலே அவளுடன் பேசுகின்றான். அது பிரெஞ்சு மொழியா என்று அவள் கேட்கின்றாள். தன் முன்னோர் மொழியைத் தான் அறியாமைக்கு வெட்கப்படுவதாகவும் சொல்கின்றாள். மொழியைப் பறித்த நாட்டிலிருந்து வந்தவன் அம்மொழியைக் கற்று வந்து நிற்க, பறிகொடுத்தவள் பாற்கணக்குச் சொல்லிக்கொண்டு நிற்கின்றாள். ஏகாதிபத்தியம் பற்றி இதனினும் சுருக்கமாக எழுதிய பக்கத்தை நான் அதிகம் கண்டதில்லை.

அடுத்த அத்தியாயம் வகுப்பறை. ஆசிரியர்கள் இதனை மட்டுமாவது வாசிக்கவேண்டும். இருபத்திரண்டு வயதுள்ள ஸ்டீபன் டெடலஸ் செல்வர் வீட்டுப் பையன்களுக்கு உரோம வரலாறு கற்பிக்கின்றான். ஆண்டையும் இடத்தையும் தானே புத்தகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்கின்றான். நம்மில் யார் அதைச் செய்யாதவர்? மற்றப் பிள்ளைகள் விளையாட ஓடிவிட, கணக்கு வராத ஒரு மாணவன் மைக்கறையோடு பின்தங்கி நிற்கின்றான். கணக்குகளை மறுபடியும் பார்த்தெழுதும்படி தலைமையாசிரியரின் உத்தரவு. புரிந்துகொண்டு எழுதும்படியன்று, பார்த்தெழுதும்படி. ஸ்டீபன் அவனருகே அமர்ந்து ஒன்றைச் செய்துகாட்டுகின்றான். இவனையும் ஒருத்தி நேசித்திருப்பாள் அல்லவா என்று நினைக்கின்றான். பின்னர் அறைக்குட் சென்று மாதச் சம்பளத்தையும், சிக்கனம் பற்றிய உபதேசத்தையும், யூதர்மீதான வசையையும் ஒருங்கே பெற்றுக்கொள்கின்றான்.

பத்தாம் அத்தியாயமே என் மனத்துக்கு மிக நெருக்கமானது. பத்தொன்பது சிறு துண்டுகளாக நகரத்தைப் பிற்பகலொன்றிலே காட்டுகின்றார். அது ஒரு பாதிரியாருடன் தொடங்கி, அரசப் பிரதிநிதியின் குதிரைவண்டி ஊர்வலத்துடன் முடிகின்றது. திருச்சபைக்கும் முடிக்கும் இடையிலே அந்நகரம் அகப்பட்டுக் கிடக்கும் நிலையை விளக்குவதற்கு ஆசிரியர் ஒரு சொல்லும் செலவிடவில்லை, அமைப்பே சொல்கின்றது. பாதிரியாரிடம் ஒற்றைக்காலுடைய மாலுமி கைநீட்டுகின்றான். அவர் பையிலே இருப்பது ஒரேயொரு வெள்ளி நாணயம். அது பெரிய நாணயம். ஆகவே ஆசீர்வாதம் மட்டும் கொடுக்கின்றார். இன்னொரு துண்டிலே ஸ்டீபனின் தங்கைகள் அடுப்பைச் சுற்றி நிற்கின்றனர். அண்ணனின் புத்தகங்களை அடகுவைக்கப்போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள் அவர்கள். ஒரு பானையிலே சட்டைகள் வேகின்றன. இன்னொன்றிலே கன்னியாஸ்திரீகள் கொடுத்த பட்டாணிக் கஞ்சி. டிலி என்னும் தங்கை தந்தையிடம் மன்றாடிப் பெற்ற சில்லறையிலே ஒரு பென்ஸ் கொடுத்துப் பிரெஞ்சு மொழி பயிலும் பழைய பாலபோதினியொன்றை வாங்கிவிடுகின்றாள். தெருவிலே அதனைக் கண்ட அண்ணனின் நெஞ்சு பதைக்கின்றது. அவனிடம் அன்று சம்பளப் பணம் இருக்கின்றது. கொடுக்கவில்லை. அவளைத் தூக்க முயன்றால் தானும் அவளோடு மூழ்கிப்போவேன் என்று அஞ்சுகின்றான்.

இதனைச் சாணக்குவியல் என்று கூறியவர் எந்தப் பக்கத்தை வாசித்தாரோ நானறியேன்.

பன்னிரண்டாம் அத்தியாயம் மதுச்சாலையிலே நடக்கின்றது. தேசத்தின் பழம்பெருமையை ஓயாது முழங்கும் ஒருவன் அங்கே நடுநாயகமாக இருக்கின்றான். அவன் முழக்கத்தைக் கேலிசெய்யும் பொருட்டு ஜொய்ஸ் இடையிடையே காவியப் பாணியிலே நீண்ட அடுக்குத்தொடர்களை எழுதிச் செல்கின்றார். நமது மேடைத்தமிழைக் கேட்டுப் பழகியவர்கள் இவ்விடத்திலே வாய்விட்டுச் சிரிப்பார்கள். சிரிப்பு நீடிப்பதில்லை. உன் தேசம் எது என்று புளூமைக் கேட்கின்றனர். அயர்லாந்து, இங்கேதான் பிறந்தேன் என்கின்றான். அந்த விடை அவர்களுக்குப் போதவில்லை. பகைமையும் பலாத்காரமும் வாழ்க்கையாகா என்று அவன் தடுமாறித் தடுமாறிச் சொல்லும்போது அங்கிருப்போர் நகைக்கின்றனர். முடிவிலே பிஸ்கற் தகரமொன்று அவன் வண்டியை நோக்கிப் பறந்து வருகின்றது. ஜொய்ஸ் ஆங்கில ஆட்சிக்கு ஆதரவாளரல்லர். ஆட்சியாளனின் இனத்திமிரை ஆளப்பட்டவன் அப்படியே எடுத்து அணிந்துகொள்வதை அவர் கண்டுகொண்டார். அவ்வத்தியாயத்தை இந்நாட்டிலே பிறந்த ஒருவன் எவ்வாறு வாசிப்பான் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை.

எனினும் என் பழைய கண்டனம் முற்றாக உதிர்ந்துவிடவில்லை. பதினான்காம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். மகப்பேற்று மருத்துவமனையொன்றிலே மூன்று நாள் வேதனைப்பட்ட பெண்ணொருத்திக்குக் குழந்தை பிறக்கின்றது. கருவின் வளர்ச்சிக்கு இணையாக ஆங்கில உரைநடையின் வளர்ச்சியை, பழங்கால நடையிலிருந்து தெருப்பேச்சு வரை, பாணி பாணியாகப் போலச்செய்து காட்டுகின்றார் ஆசிரியர். இறையனார் களவியலுரையின் நடையிலே தொடங்கி, நாவலரின் வசனநடை ஊடாக இன்றைய பத்திரிகைத் தமிழ் வரை ஓர் அத்தியாயத்தை ஒருவர் எழுதினால் எப்படியிருக்கும்? வித்தையை வியப்போம். ஆனால் அந்த வித்தையின் ஆரவாரத்திலே வேதனைப்பட்ட பெண்ணின் குரல் கேட்கவே இல்லை. அங்கே உருவம் உள்ளடக்கத்தை விழுங்கிவிட்டது என்றே இன்றும் கருதுகின்றேன். அவ்வத்தியாயத்தைத் தாண்டிச் செல்பவரை நான் குறைகூறமாட்டேன்.

இதனினும் ஆழமான குற்றச்சாட்டொன்று உண்டு. 1937இல் ஆங்கிலேய மார்க்சிய விமர்சகர் அலிக் வெஸ்ட், ஜொய்ஸின் டப்ளினிலே மனிதர் நுகர்கின்றனர், செலவிடுகின்றனர், உற்பத்தி மட்டும் காணப்படவில்லை என்ற கருத்தை முன்வைத்தார். ராடெக்கின் வசையைவிட இது பன்மடங்கு பெறுமதியானது. வெஸ்ட் நூலை வாசித்தவர். அச்சகமொன்று ஏழாம் அத்தியாயத்திலே வருகின்றது; எழுத்துக்களை வலமிருந்து இடமாக வாசித்து அடுக்கும் அச்சுக்கோப்பாளனைக் கண்டு புளூம் தன் தந்தை எபிரேய நூலை வாசித்த விதத்தை நினைக்கின்றான். பதினேழாம் அத்தியாயத்திலே அவன் தண்ணீர்க் குழாயைத் திறக்கும்போது, 2,400 மில்லியன் கலன் கொள்ளும் நீர்த்தேக்கத்திலிருந்து அந்த நீர் வந்த வழி முழுவதும் கணக்கோடு சொல்லப்படுகின்றது. இவை விலக்குகள். 1913இலே பெருங்கதவடைப்பை எதிர்த்து நின்ற டப்ளின் தொழிலாளர், அவர்களுக்குத் தலைமைதாங்கி 1916 எழுச்சியின் பின் சுட்டுக்கொல்லப்பட்ட ஜேம்ஸ் கொனலி, இவர்கள் வாழ்ந்த நகரம் அது. கதை 1904இலே நிகழ்வதென்று சமாதானம் கூறலாம். 1904இலும் அத்துறைமுகத்திலே மூட்டை சுமந்தவர் இருந்தனர்.

வெஸ்டின் இக்குற்றச்சாட்டு எனக்கு உயிர்பெற்ற இடம் ஐந்தாம் அத்தியாயம். காலை பத்துமணியளவிலே புளூம் தபாற் கந்தோருக்குப் போகின்றான். கள்ளப்பெயரிலே கடிதப் போக்குவரவு வைத்திருப்பதால் நேரே போகத் தயங்கித் தேயிலைக் கடையொன்றின் கண்ணாடி முன் நிற்கின்றான். ஈயத்தாள் சுற்றிய பொட்டலங்கள். உள்ளே இலங்கைத் தேயிலை. அவன் மனம் உடனே கீழைத்தேசத்துக்குத் தாவுகின்றது. பூந்தோட்டமாகிய ஒரு நாடு, வெயிலிலே நாள் முழுவதும் கையசைக்காமற் சோம்பிக்கிடக்கும் சிங்களவர், சோம்பலான பெரிய இலைகள் என்று கனவு விரிகின்றது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிலே 1867இல் தொடக்கிய பயிர் அந்தப் பொட்டலத்துள் இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பனிக்குளிரிலே எழுந்து மலையேறிப் பறித்த கொழுந்து அது. அவர்கள் கையசைக்காதிருந்தால் அந்தக் கடைக்கண்ணாடியின் பின் வைப்பதற்கு ஒன்றுமே இராது.

அடிமை நாட்டான் ஒருவன் இன்னோர் அடிமை நாட்டின் உழைப்பைக் கண்ணாடியினூடே காண்கின்றான்; அவன் கண்ணுக்குத் தெரிவதோ ஓய்வு. இது ஜொய்ஸின் அறியாமையா, புளூமின் அறியாமையை ஜொய்ஸ் அறிந்து காட்டியதா என்ற கேள்வியிலே நான் நெடுநாள் உழன்றேன். பிறர் புளூமை அறியாமலே அவனது இனத்தைப்பற்றிப் பேசும்போது அதிலே உள்ள அநீதியை இந்நூல் பக்கம் பக்கமாகக் காட்டுகின்றது. அதே புளூம், தான் காணாத ஒரு மக்களைப்பற்றித் தன் மனத்திலே அதனையே செய்கின்றான். ஆசிரியர் இவ்விரண்டையும் ஒரே நூலுள் வைத்திருப்பது தற்செயலன்று என்பது என் துணிபு. ஆயினும், அப்பொட்டலத்துக்குப் பின்னால் நின்ற மனிதர் நூலுள் வரவேயில்லை என்பதும் உண்மையே. வெஸ்ட் இங்கே தோற்கவில்லை. நூலை வாசித்ததனால் எனக்குக் கிடைத்த இந்தச் சங்கடம், வாசியாமற் கிடைத்த தெளிவைவிட மேலானது.

நான் இப்பொழுது மலைநாட்டுப் பாடசாலையொன்றிலே கற்பிக்கின்றேன். சென்ற ஆண்டு, உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்கு மாலைவேளைகளில் இவ்வத்தியாயத்தைத் தமிழிலே வாய்மொழியாகச் சொல்லிவந்தேன். ஆங்கிலத்திலே வாசிக்கக்கூடிய இருவர் மூலத்தையும் வைத்திருந்தனர். ஐரோப்பாவிலே பதிப்புரிமைக் காலம் 2011 முடிவோடு கழிந்துவிட்டமையால் நூல் இன்று காசின்றியே கிடைக்கின்றது. அன்று பாரிஸிலே ஆயிரம் பேருக்கு மட்டும் கிடைத்த பொருள் தோட்ட லயத்துப் பிள்ளையின் கைத்தொலைபேசியிலே திறந்து கிடப்பதை எண்ணி நான் சற்றுப் பெருமிதம் அடைந்தது உண்மை. கடைக்கண்ணாடிப் பகுதியைச் சொல்லி முடித்தபோது வகுப்பு அமைதியாக இருந்தது. கோபத்தை எதிர்பார்த்தேன். ஏகாதிபத்தியப் பொருளாதாரம் பற்றிச் சிறு விளக்கமொன்றையும் ஆயத்தமாக வைத்திருந்தேன்.

கொழுந்தெடுக்கும் தாயொருத்தியின் மகள் கையை உயர்த்தினாள். “சேர், கடைசியிலே அவர் தேயிலை வாங்கினாரா?” என்று கேட்டாள்.

வாங்கவில்லை என்றேன். தேயிலை முகவரான தெரிந்தவர் ஒருவரிடம் வாங்கலாமென நினைக்கின்றான்; ஆனால் அன்று அவரைச் சந்திக்கவிருப்பது நண்பரொருவரின் இறுதிச் சடங்கிலே. செத்தவீட்டிலே போய்த் தேயிலை கேட்பது முறையன்று என்று விட்டுவிடுகின்றான்.

அவள் தலையை அசைத்தாள். “அது சரிதான் சேர்” என்றாள்.